எண்பத்திரண்டு கிலோ

“அதான் சொல்றேனே மேடம், அந்த எண்பத்திரண்டு கிலோ நான்தான்”னு எல்லைச் சாவடியில எடை பாக்குற மேடத்துக்கிட்ட மூணாவது தடவையா சொன்னாரு லாரி டிரைவர் சற்குணம். எல்லைப் பாலத்துக்கு அந்தப் பக்கம் அவரு நாடு, அங்க டிரைவரை இறக்கிவிட்டுட்டுத்தான் லாரியை எடை போடுவாங்க. இந்தப் பக்கம் வேற நாடு, நேத்திலேருந்து இங்க புது ரூல், டிரைவர் சீட்டை விட்டு இறங்கவே கூடாது. அங்க எடை போட்டுக் குடுத்த பேப்பர்ல இருக்கறதைவிட வண்டி எண்பத்திரண்டு கிலோ கூடக் காட்டுது. உள்ள கல்யாணத்துக்குப் போற மல்லிப்பூ வாடிக்கிட்டிருக்கு, பின்னாடி நாப்பது லாரி ஹாரன் அடிக்குது.

“நான் இறங்கிக்கறேன், மறுபடி போட்டுப் பாருங்க.”

“டிரைவர் இறங்கக் கூடாதுங்க.”

“அப்ப என்னதான் மேடம் பண்ணச் சொல்றீங்க?”

மேடம் ஜன்னல் வழியா ஒரு ஃபாரத்தை நீட்டுனாங்க. “உங்களையும் சரக்குன்னு எழுதிக் குடுத்துட்டுப் போங்க.”

சற்குணம் தலையில அடிச்சுக்கிட்டு, ஸ்டியரிங் மேலயே வச்சு எழுத ஆரம்பிச்சாரு. எடை எண்பத்திரண்டு. கெட்டுப்போற பொருளா? ஆமா. விலைங்கற இடத்துல ஒரு கோடு இழுத்துவிட்டாரு. கடைசியா, சரக்கை வாங்கிக்கறவங்க பேரு. பூவுக்கு மண்டபத்துப் பேரை அப்பவே எழுதியாச்சு. தனக்கு?

பேனா அங்கயே நின்னுபோச்சு. பதினாறு வருஷமா போய்ட்டு வர்ற பாலம், ரெண்டு கரையிலயும் தன்னை வாங்கிக்க ஒரு பேரை மனசுக்குள்ள தேடிப் பாத்தாரு. மேடம் கையை நீட்டிக்கிட்டே இருந்தாங்க.

சொல்லுங்களேன், அந்த இடத்துல நீங்களா இருந்தா யாரு பேரை எழுதுவீங்க?