இலை போட்ட வட்டம்

கிருமிகள் படர்ந்த கண்ணாடித் தட்டில், இலைச்சாறு வைத்த இடத்தைச் சுற்றி மட்டும் தெளிவாக ஒரு வட்டம். அங்கே கிருமிகள் செத்திருந்தன. போன வாரம் அதைப் பார்த்ததும் ஆராய்ச்சி மாணவி விடுதியிலிருந்து அப்பாவுக்குத்தான் முதலில் போன் செய்தாள். "நம்ம வீட்டுத் தொட்டியில வளர்ற இலைப்பா!"

இன்று சாறே இல்லாமல், அதைக் கரைக்கும் ஆல்கஹாலை மட்டும் வைத்துப் பார்த்தாள். அதே வட்டம்.

"கொன்னது ஆல்கஹால்தான். இலை ஒண்ணுமே பண்ணலை," என்றார் பேராசிரியர். "இதை முதல்லயே பார்த்திருக்கணும்மா."

சாயங்காலம் வீட்டுக்குள் நுழைந்ததுமே, படுக்கையிலிருந்து அப்பா கேட்டார்.

"என்னம்மா, நம்ம இலை எப்படி?"

சர்க்கரை நோயும் ஆறாத கால் புண்ணுமாக மாதக்கணக்கில் படுத்திருப்பவர். அந்த முகத்தில் இன்றுதான் சிரிப்பைப் பார்க்கிறாள். அதைக் கெடுக்க மனசு வரவில்லை.

"சூப்பரா வேலை செய்யுதுப்பா."

"எனக்குத் தெரியாதா!" அப்பா போர்வையை விலக்கினார். "நீ போன் பண்ணின அன்னிக்கே ஆஸ்பத்திரி மாத்திரையெல்லாம் தூக்கிப் போட்டாச்சு. உங்கம்மா தினமும் இலையைத்தான் அரைச்சுக் கட்டறா. ஆறினப்புறம் சொல்லலாம்னு இருந்தோம்."

அவள் பதறிப்போய்க் கட்டைப் பிரித்தாள். கால்விரல்கள் கறுத்திருந்தன. குப்பென்று நாற்றம் அடித்தது.

"அப்பா, நான் பொய் சொல்லிட்டேன்ப்பா. அது மருந்தே இல்ல!" அழுதுகொண்டே ஆம்புலன்சுக்கு எண்ணை அழுத்தினாள்.

"நாத்தத்தைப் பார்த்துப் பயந்துட்டியா?" அப்பா அவள் தலையைத் தடவினார். "அது இலை வாசனைம்மா."

அந்த இலைக்கு வாசனையே கிடையாது.