காலர்

விமான இறக்கையிலிருந்து குதித்த டூப் முபாரக் எழுந்திருக்கவில்லை. "ஜாக்கெட்டைக் கழட்டிட்டு ஏத்துங்க," என்று குடைக்கடியிலிருந்து கத்தினார் ஹீரோ. ஆம்புலன்ஸ் போனது. விமானி போடும் அந்தத் தோல் ஜாக்கெட் ஒன்றுதான் இருந்தது. அடுத்த க்ளோசப்பில் ஹீரோ அதைப் போட வேண்டும். காலரில் ரத்தம் இன்னும் காயவில்லை.

"துடைச்சுக் குடுய்யா."

"டைரக்டர் வேணாம்னுட்டார் சார். விழுந்த ஷாட்டுல ரத்தம் தெரியுது, இதுலயும் தெரியணுமாம்," என்றான் உடைகளைக் கவனிக்கும் தனகோடி.

இந்த ஹீரோ டூப் போடுவதில்லை என்று சுவரொட்டி ஏற்கெனவே அச்சாகியிருந்தது. அவர் மூச்சைப் பிடித்துக்கொண்டு கைகளை நுழைத்தார். தனகோடி ஜிப்பைக் கழுத்துவரை ஏற்றினான்.

"இறக்குய்யா. கழுத்துல ஒட்டுது."

தனகோடி காலரை இன்னும் இழுத்து அழுத்தினான்.

"ஒட்டட்டும் சார். குதிச்சது நீங்கதானே."