பெரிய பெட்டி, சின்னப் பெட்டி

ஞாயிற்றுக்கிழமை மதியம். மிஷின்கள் ஓய்ந்திருக்கும் பனியன் கம்பெனியில், கட்டிங் மேசைமேல் கிதாரை இணைத்து வாசிக்கும் ஸ்பீக்கர் பெட்டிகள் இரண்டு ஒட்டி நிற்கின்றன. பெரியது முதலாளி சசிகுமார் வெளிநாட்டிலிருந்து வரவழைத்தது. சின்னது கட்டிங் மாஸ்டர் சகாயராஜ் பழைய சாமான் கடையில் பிடித்தது. சோக இசையான ப்ளூஸில் பேர்போன அமெரிக்கக் கலைஞர் பி.பி. கிங்கின் கிதார் அழுகிறதே, அந்த அழுகையைக் கொண்டுவர எவ்வளவு செலவாகும் என்று இருவருக்கும் நான்கு மாதமாக வழக்கு. தீர்ப்புச் சொல்ல வந்த சசிகுமாரின் மனைவி தேவிப்பிரியா, யார் முதலில் வாசிப்பது என்று தெரியாமல், பனியன் துணியால் கண்ணைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். சசிகுமார் வாசித்து முடித்துவிட்டார். சுத்தமான, பளபளப்பான சத்தம். இப்போது சகாயராஜின் முறை. சின்னப் பெட்டியின் கீச்சுக் குரலை அடக்க அதன் முதுகுக்குள் வெட்டுத்துணி திணித்திருக்கிறான். கூரை இடுக்கில் இறங்கும் வெயிலில் பஞ்சுத் தூசி மிதக்கிறது. ஒரே ஒரு சுரத்தைத் தொட்டு, கம்பியை மேலே தள்ளி, விரலை நடுங்கவிடுகிறான். சத்தம் உருண்டு, கனிந்து, போக மனமில்லாமல் நின்று அடங்குகிறது.

"பாத்தீங்களா! என்ன இருந்தாலும் நம்ம பெரிய பெட்டி பெரிய பெட்டிதானுங்க. அச்சு அசல் அந்த கிங்கேதான்!" என்று தேவிப்பிரியா கைதட்டுகிறாள்.

சகாயராஜுக்குக் காது சூடேறுகிறது. சசிகுமார் வாய்விட்டுச் சிரிக்கிறார். "கட்ட அவுத்துட்டுப் பாரு கண்ணு."

அவிழ்த்தவள் நாக்கைக் கடித்துக்கொள்கிறாள். "அய்யோ, மாஸ்டருங்களா!"

"இன்னொரு தடவ வாசிக்கட்டுமா சார்?" என்கிறான் சகாயராஜ்.

சசிகுமார் தன் கிதாரைக் கழற்றி வைத்துவிட்டு, ஒரு முக்காலியை இழுத்துப்போட்டு அவன் விரல்களுக்கு எதிரே உட்காருகிறார்.

"மெதுவா வாசிங்க மாஸ்டர்."