ஏழாம் எண் வீடு

அவன் திரையில் அடுத்த படத்துக்குப் போனான்.

மேடையோர நாற்காலியில் அவள். அந்த அமர்வுக்குத் தலைமை அவள்தான். கையில் இரண்டு அட்டைகள். ஒன்றில் ‘இரண்டு நிமிடம்’. மற்றதில் ‘நேரம் முடிந்தது’.

கருத்தரங்கு நிரலில் அவன் பெயரைப் பார்த்த பிறகுதான் வர ஒப்புக்கொண்டாள்.

அவன் இதுவரை அவள் பக்கம் திரும்பவில்லை.

கோவையில் நாற்பது வீடுகளில் மீட்டர் பொருத்தி, எந்த நேரத்தில் எவ்வளவு மின்சாரம் செலவாகிறது என்று மூன்று வருடம் பார்த்திருந்தான். வீடுகளுக்குப் பெயர் கிடையாது. எண்தான்.

திரையில் ஏழாம் எண் வீடு.

தரையோடு கிடந்த மின்செலவுக் கோடு விடிகாலை நாலரைக்கு எழுந்து நின்றது. இருபது நிமிடம். பிறகு படுத்துக்கொண்டது.

வெள்ளிக்கிழமைகளில் நாற்பது நிமிடம்.

ஞாயிற்றுக்கிழமைகளில் எழவே இல்லை.

அவள் அட்டைகளை மடியில் வைத்தாள்.

ஈரோட்டுக் கல்லூரிக்கு ஐந்தரை ரயிலைப் பிடித்து ஓடிய நாட்களில், கீசருக்கு நாலரை மணி டைமரை வைத்தது அவள். வெள்ளிக்கிழமை தலைக்கு ஊற்றுவாள். ஞாயிறு தூங்குவாள். அவனுக்கு வெந்நீரே ஆகாது. மார்கழியிலும் பச்சைத் தண்ணீர்தான்.

அந்த வீட்டை விட்டு, அவனை விட்டு, அவள் போய் இரண்டு வருடம் நான்கு மாதம்.

திரையில் கோடு போன வாரம் வரைக்கும் எழுந்துகொண்டே இருந்தது.

முன்வரிசைப் பேராசிரியர் ஒருவர் மைக் வாங்காமலே கேட்டார்.

“ஏழாம் நம்பர்ல யாருங்க தம்பி நாலரைக்கே குளிக்கறது? கோயில் குருக்களா?”

அரங்கில் சிரிப்பு.

“யாரும் குளிக்கறதில்லீங்க சார். டைமர் வெச்சது வெச்சபடி ஓடுது.”

“நல்லா இருக்குதே கதை! ஊருக்கெல்லாம் கரண்ட்டை மிச்சம் பண்ணச் சொல்றீங்க. அந்த வீட்டுக்காரர்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக் கூடாதுங்களா?”

மறுபடியும் சிரிப்பு.

“சொல்லிப் பார்த்துட்டேங்க” என்றான். “கேக்க மாட்டேங்கறாரு.”

வேறு யாரும் கை தூக்கவில்லை. கடைசிக் கேள்வி தலைமைக்கு என்பது வழக்கம். மைக் கை மாறி அவளிடம் வந்தது.

அப்போதுதான் அவன் திரும்பினான்.

காதோரம் நரைத்திருந்தது.

நேற்றே ஒரு கேள்வி எழுதி வைத்திருந்தாள். மாதிரியில் ஏன் நாற்பது வீடு மட்டும் என்று. அந்தத் தாள் அட்டைகளுக்கு அடியில் எங்கோ கிடந்தது.

“ஏழாம் வீட்டில்…”

செருமிக்கொண்டாள்.

“அந்தத் தண்ணீர் எவ்வளவு நேரம் சூடாக இருக்கும்?”

அவன் திரையைப் பார்க்கவில்லை. குறிப்பைப் புரட்டவில்லை.

“ஆறு மணி நேரங்க, மேடம்.”

நன்றி சொன்னாள். தேநீர் இடைவேளை என்று அறிவித்தாள். நாற்காலிகள் நகர்ந்தன. கூட்டம் வாசல் பக்கம் போனது.

அவன் மடிக்கணினியை மூடாமல் நின்றுகொண்டிருந்தான்.

அந்த வீடு இங்கிருந்து பஸ்ஸில் நாலாவது ஸ்டாப்.

ஈரோட்டு விடுதியில் காலையில் அவசரமாக மேலுக்கு மட்டும் இரண்டு சொம்பு ஊற்றிக்கொண்டு வந்திருந்தாள்.

சுவரில் மணி ஒன்பதே முக்கால்.

வெள்ளிக்கிழமை.