பதினேழாம் நம்பர் கேபிள்

"மணி அடிக்காம இருக்க வாய்ப்பே இல்லை டாக்டர். அந்தப் புது வார்டுக்கு வயரிங் படம் போட்டதே நான்தான்."

பெரிய டாக்டரின் அறையில் அவன் நின்றுகொண்டே பேசினான். உட்காரச் சொன்னதற்கும் மறுத்துவிட்டான். அவன் அம்மா போய் அன்றோடு நாலு நாள்.

எதிர்ச் சுவரோரமாக நின்றிருந்தாள் நர்ஸ்.

நடந்தது இதுதான். பதினேழாம் நம்பர் அறையில், காலை பத்தரை மணி வாக்கில் அம்மாவுக்கு மூச்சு முட்டியிருக்கிறது. நர்ஸ் அடுத்த அறையில்தான் ஒருவருக்குக் கட்டுப் போட்டுக்கொண்டிருந்தாள். அவள் வந்து பார்க்கும்போது எல்லாம் முடிந்திருந்தது. அழைப்புப் பட்டன் அம்மாவின் கைக்குள் இருந்தது. கட்டைவிரல் அதன்மேல் அழுந்தியபடியே கிடந்தது.

அன்றைக்கு நர்ஸ், மணி அடிக்கவே இல்லை என்று சத்தியம் செய்தாள். இன்று பெரிய டாக்டர் கேட்டதும் தலையைக் குனிந்துகொண்டாள்.

"அடிச்சிருக்கும் சார். நான்தான் கவனிக்கலை."

"பார்த்தீங்களா? அன்னைக்கு ஒரு பேச்சு, இன்னைக்கு ஒரு பேச்சு."

அவன் அதோடும் விடவில்லை. எல்லோரையும் பதினேழாம் அறைக்கே கூட்டிக்கொண்டு போய்ப் பட்டனை அழுத்திக் காட்டினான். வராந்தாக் கோடியில் இருந்த பேனலில் விளக்கு எரிந்தது. மணி கணீரென்று அடித்தது.

அந்தச் சத்தத்தைக் கேட்டு அவன் குலுங்கிக் குலுங்கி அழுதான். கூட வந்தவர்களும் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள்.

மாதக் கடைசியோடு நின்றுகொள்ளும்படி நர்ஸிடம் சொல்லிவிட்டார்கள். ரெண்டு பிள்ளைகளைத் தனியாக வளர்க்கிறவள், கொஞ்சம் யோசித்துச் செய்யலாமே என்று மேட்ரன் இழுத்தாள்.

"எனக்கும் ஒரு அம்மாதான் இருந்தாங்க" என்றான் அவன்.

மறுவாரம் அவன் அலுவலகத்துக்கு இன்னொரு ஆஸ்பத்திரி வேலை வந்தது. ஏறக்குறைய அதே மாதிரி வார்டு. புதிதாக எதற்கு வரைய வேண்டும், பழையதையே நகலெடுக்கலாம் என்று அந்தப் படத்தைக் கணினியில் திறந்தான்.

ஒவ்வொரு அறைப் பட்டனிலிருந்தும் பேனலுக்கு ஒரு கோடு. கோட்டின் நுனி பேனல் முனையில் சரியாக ஒட்டிக்கொண்டால் பச்சைப் புள்ளி விழும். அப்படி ஒட்டிய கோட்டைத்தான் மென்பொருள் கேபிள் என்று எண்ணிப் பட்டியலில் சேர்க்கும். வயர் இழுப்பவர்கள் அந்தப் பட்டியலைப் பார்த்துத்தான் இழுப்பார்கள்.

பட்டன் இருபத்துநாலு. பட்டியலில் கேபிள் இருபத்துமூன்று.

விரல் வைத்து மறுபடி எண்ணினான். பதினாறுக்கு அடுத்தது பதினெட்டு.

படத்தைப் பெரிதாக்கினான். இன்னும் பெரிதாக்கினான். பக்கத்து மேசைக்காரர் எட்டிப் பார்த்து, "என்னப்பா, திரைக்குள்ளேயே குடிபோயிடுவே போலிருக்கே" என்று சிரித்தார். அவன் ஒன்றுமில்லை என்றான்.

பதினேழாம் அறைக் கோடு பேனலைத் தொடவில்லை. மயிரிழை இடைவெளி. சாதாரணமாகப் பார்த்தால் தொட்ட மாதிரியேதான் தெரிந்தது.

அப்படியென்றால் விசாரணை அன்று மணி எப்படி அடித்தது? அதற்குள் யாரோ கேபிள் இழுத்திருக்க வேண்டும். யார் என்று யோசிக்க அவனுக்குத் தைரியம் வரவில்லை.

கோட்டின் நுனியைப் பிடித்து ஓர் இழுப்பு இழுத்தான். பச்சைப் புள்ளி விழுந்தது. பட்டியல் தானாகவே இருபத்துநாலு ஆனது. சேமித்துவிட்டு, முகம் கழுவிக்கொண்டு, ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினான்.

புகாரை வாபஸ் வாங்கிக்கொள்வதாகச் சொன்னதும் பெரிய டாக்டர் எழுந்து அவன் கையைப் பிடித்துக்கொண்டார். இந்தக் காலத்தில் இப்படி ஒரு மனசு யாருக்கு வரும் என்றார். நர்ஸ் வேலையில் தொடரலாம் என்று அங்கேயே எழுதிக் கையெழுத்தும் போட்டார்.

ஓய்வறையில் அவள் மதியச் சாப்பாட்டுப் பாத்திரத்தைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"வாபஸ் வாங்கிட்டேன் சிஸ்டர். மனுஷங்கதானே, கவனக்குறைவு யாருக்கும் வரும். எதையும் மனசுல வெச்சுக்காதீங்க."

வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்த வார்த்தைகள். பிசகாமல் வந்துவிட்டன.

அவள் பாத்திரத்தைக் கீழே வைத்தாள்.

"நீங்களும் பார்த்துட்டீங்க, இல்லையா சார்?"



அவள் கைப்பையின் அடியிலிருந்து நாலாக மடித்த தாளை எடுத்துப் பிரித்தாள். கேபிள் பட்டியல். பதினாறுக்கும் பதினெட்டுக்கும் நடுவே சிவப்பு மையில் ஒரு வட்டம். ஓரத்தில் எலக்ட்ரீஷியனின் கையெழுத்து. அம்மா இறந்த அதே தேதி. கீழே, வரைந்தவர் என்ற இடத்தில் அவன் பெயர்.

"அன்னைக்குச் சாயங்காலமே எலக்ட்ரீஷியன் அண்ணனை வரச்சொன்னேன். பேனல் பெட்டிக்குள்ள இருந்த இந்தப் பட்டியலைப் பார்த்துத்தான் கண்டுபிடிச்சார். இன்னொரு பேஷண்டுக்கு இப்படி ஆகிடக் கூடாதுன்னு கையோட கேபிளும் இழுத்துட்டார். விஷயத்தை வெளியே விடாதீங்கன்னு நான்தான் அவர்கிட்ட கேட்டுக்கிட்டேன்."

"ஏன் சிஸ்டர்?"

"அந்த ரூமுக்கு முதல் பேஷண்டே உங்க அம்மாதான். இருந்த ரெண்டு நாளும் அந்தப் பட்டனைத் தடவிக்கிட்டே இருந்தாங்க. 'எம் பையன் போட்ட கோடும்மா இது'ன்னு வர்றவங்க போறவங்ககிட்டல்லாம் சொன்னாங்க. அதுக்கப்புறம் இதை எடுத்துக்கிட்டு நான் எங்கே போய் நியாயம் கேக்கறது?"

தாளை மறுபடி நாலாக மடித்து அவன் கையில் வைத்தாள்.

"நீங்களே வெச்சுக்கங்க சார். பேனல் பெட்டியில இருந்தா யாராவது பார்த்துடுவாங்க."