அம்மை போட்ட வகுப்பு

மலைத் தோட்டத்து மலையாளப் பள்ளிக்கூடத்தில் அந்தத் தமிழ் வகுப்பைக் கோர்ட்டுக்குப் போய்த்தான் வாங்கியிருந்தார்கள். தீர்ப்பில் சொன்ன எண்ணிக்கைக்கு ஒரு தலை குறைந்தாலும் மூடிவிடலாம். தலை எண்ண வந்த மலையாள அதிகாரி கோவிந்தன்குட்டி வாசலிலேயே நின்றுவிட்டார். குட்டி பெஞ்சுகளில் முழங்கால் முட்ட, கொழுந்து பறிக்கிற பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள்.

“புள்ளைகளுக்கெல்லாம் அம்மை போட்டிருக்கு சார்,” என்றாள் முன்பெஞ்சு சீனியம்மாள். “தலைக்குத் தண்ணி ஊத்துற வரைக்கும் அதுக இடத்துல நாங்க இருக்கோம்.”

சட்டத்தில் இப்படியெல்லாம் இடமில்லை என்று சொல்லத்தான் அவர் வாயைத் திறந்தார். அதற்குள் டீச்சர் பெயர் கூப்பிட ஆரம்பித்துவிட்டார். ஒவ்வொருத்தியும் தன் பிள்ளையின் பெயருக்கு எழுந்து, கொஞ்சமும் சிரிக்காமல், “உள்ளேன் டீச்சர்” என்றாள். அன்றைய கூலி போனது ஒரு முகத்திலும் தெரியவில்லை.

“மோனிஷா.”

கடைசி பெஞ்சில் ஓர் இடம் காலியாக இருந்தது.

“அவ அம்மாவுக்கும் போட்டிருச்சு,” என்று யாரோ மெல்லச் சொன்னார்கள். டீச்சர் மறுபடியும் கூப்பிட்டார். எல்லாரும் வாசலைத் திரும்பிப் பார்த்தார்கள்.

கோவிந்தன்குட்டி குடையைச் சுவரில் சாய்த்தார். செருப்பைக் கழற்றிவிட்டுக் கடைசி பெஞ்சின் காலி இடத்தை நோக்கி நடந்தார்.