தங்கைக்காக ஒரு சைலன்சர்

கோவில்பட்டியில் மெக்கானிக் பட்டறை வைத்திருக்கும் சுடலைக்குமார், தங்கை புருஷனின் பைக்கைப் பார்த்து முகம் சுளித்தான்.

“இந்தச் சைலன்சர் போடுத சத்தம் எப்போதும்வென்றான் ஊர் விலக்குல இருந்தே வீடு வரைக்கும் கேக்குமே மாப்ளே. எந்தங்கச்சி எப்படித்தான் பொறுக்காளோ?”

“உம்ம தங்கச்சிதான் மச்சான் மாட்டியே ஆகணும்னு ஒத்தக்கால்ல நின்னா” என்று பெருமையாகச் சிரித்தான் சாமித்துரை.

“உம்ம ஆசைக்காகச் சொல்லியிருப்பா. போன வாரம் வந்தப்ப தலையில துணியைக் கட்டிக்கிட்டுக் கெடந்தா. கேட்டா தலைவலிங்கா. எல்லாம் இந்தச் சத்தத்தாலதான்.”

அதைக் கழற்றிவிட்டு, புது சைலன்சர் ஒன்றை மாட்டினான். ஸ்டார்ட் செய்தபோது பக்கத்தில் நின்றவர்களுக்கே சரியாகக் கேட்கவில்லை.

“இனிமேலாவது அவ நிம்மதியா இருக்கட்டும்.”

சாமித்துரை வழக்கம்போல வழியில் குடித்துவிட்டு ஊருக்கு வண்டியை விட்டான்.

தினமும் ஊருக்குத் திரும்பும் விலக்கில் சத்தம் கேட்டதுமே, அவன் மனைவி செல்வமாரி இரண்டு பெண்பிள்ளைகளையும் புறவாசல் வழியாகப் பக்கத்து வீட்டுக்கு அனுப்பிவிடுவாள். அரிவாளையும் உலக்கையையும் ஒளித்துவைப்பாள். பிறகு, அடி வாங்கத் தனியாக உட்கார்ந்திருப்பாள்.

அன்று அவளுக்கு எதுவும் கேட்கவில்லை. சின்னவளுக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருந்தபோது, கதவை எட்டி உதைத்துக்கொண்டு உள்ளே வந்தான் சாமித்துரை.